நிஸ்தாரிணி ஏன் திரும்பவில்லை?

அத்தியாயம் 14

கல்கத்தாவுக்குப் பக்கத்தில், கங்கைக்கரைக் கொன்னகரில், அந்த வீட்டில் ஒரு பொய் தினமும் காலைத் தேநீரோடு தொடங்கும்.

பேராசிரியர் அமியரஞ்சன் பாக்சி சால்வையைப் போர்த்திக்கொண்டு முன்வராந்தாவில் வந்து உட்காருவார். செய்தித்தாளை விரித்து முகத்துக்கு நேரே பிடிப்பார். ஸ்டேஷனுக்கு ஓடுகிறவர்கள் தெருவிலிருந்தே கும்பிடுவார்கள். கண்ணாடிக்கு மேலாகப் பார்த்துத் தலையசைப்பார். சற்று நேரம் கழித்துப் பக்கத்தைத் திருப்புவார்.

படமே இல்லாத பக்கமாக இருந்தால் சில நாள் தாள் தலைகீழாக இருக்கும். அவருடைய மனைவி சிப்ரா கைப்பிடிச் சுவரைத் துடைக்க வருகிறவள்போல வந்து அதை நேராக்கிவிட்டுப் போவாள்.

இதுவரை கூடவே வந்தவர்களுக்கு விஷயம் தெரியும். புதிதாக உள்ளே நுழைகிறவர்களுக்காக இரண்டு வார்த்தை. துர்கா பூஜைக்கு முன்னால் ஒரு நாள் பேராசிரியரின் மூளையில் சின்ன ரத்தக்குழாய் ஒன்று அடைத்துக்கொண்டது. ஆஸ்பத்திரியிலிருந்து சொந்தக் காலில் நடந்துதான் வெளியே வந்தார். பேச்சு குழறவில்லை, ஞாபகம் தப்பவில்லை. வீட்டுக்கு வந்த மறுநாள் காலை பேப்பரைக் கையில் எடுத்தவர், “சிப்ரா, இன்னிக்கு என்ன பாஷைப் பேப்பரைப் போட்டுட்டுப் போயிருக்கான்?” என்று கேட்டார்.

வழக்கமாக வரும் வங்காளிப் பேப்பர்தான்.

கண்ணில் குறையில்லை என்றார் டாக்டர். எழுத்தை எழுத்தென்று அடையாளம் காட்டுகிற இடம் மட்டும் மூளையில் அணைந்துவிட்டது. எழுதச் சொன்னால் எழுதுவார். தன் கையெழுத்தையே அடுத்த நிமிஷம் காட்டினால் அது அவருக்குக் கோழி கிளறின மண். திரும்பி வரலாம், வராமலும் போகலாம் என்று டாக்டர் கையை விரித்துவிட்டார்.

வெளியே யாருக்கும் தெரியக்கூடாது என்று பேராசிரியர் மூன்று பேரிடம் சத்தியம் வாங்கிக்கொண்டார். சிப்ரா, ஹல்தியா துறைமுகத்தில் வேலை பார்க்கும் மகன் சப்தக், மருமகள் தோர்ஷா.

மற்ற யாருக்கு வந்திருந்தாலும் இது ஒரு நோய். அமியரஞ்சனுக்கு வந்ததுதான் கொடுமை. நூறு வருஷத்துக்கு முன்னால் அகிலபந்து சான்யால் எழுதிய ‘இரவல் மண்’ நாவலோடு சேர்ந்தது அவர் பெயர். பத்மா ஆறு துப்பிப்போட்ட மணல்திட்டில் குடியேறி, ஒவ்வொரு மழைக்கும் கொஞ்சம் கொஞ்சமாக அந்த மண்ணை ஆற்றுக்கே திருப்பிக் கொடுக்கிற நிஸ்தாரிணி என்ற விதவையின் கதை. அதன் சரியான பாடத்தைப் பதிப்பித்தவர் அவர். அதைப் பற்றி மூன்று புத்தகம் எழுதியவர். ‘நிஸ்தாரிணியின் மௌனமே அவள் ஆயுதம்’ என்று அவர் எழுதிய வரியைத்தான் வங்காளத்தில் பி.ஏ. பரீட்சை எழுதுகிற பிள்ளைகள் இன்றுவரை எழுதி மார்க் வாங்குகிறார்கள்.

அந்த நாவலைத்தான் மாடி அறையில் தோர்ஷா படக்கதையாக வரைந்துகொண்டிருந்தாள். அது அவருக்குத் தெரியாது.

பள்ளிக்கூடப் புத்தகத்துக்குத் தவளையும் ஜீரண உறுப்பும் வரைகிறாள் என்று அவரை நம்ப வைத்திருந்தார்கள். வேறு வழி இல்லை. ஒரு கருத்தரங்கில் மைக்கைப் பிடித்து, இலக்கியத்தைப் படக்கதை ஆக்குவது இலிஷ் மீனை முள்ளெடுத்து டப்பாவில் அடைப்பது மாதிரி என்று சொன்ன மனிதர். கூட்டம் கைதட்டிச் சிரித்தது. மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்த தோர்ஷா சிரிக்கவில்லை. அப்போது அவள் இந்த வீட்டு மருமகளாகி ஒரு மாதம்கூட ஆகவில்லை.

அன்று சனிக்கிழமை. வரைந்து முடித்த நான்கு பாகங்களின் நகலை எடுத்துக்கொண்டு தோர்ஷா காலை லோக்கலில் கல்கத்தாவுக்குக் கிளம்பினாள். காலேஜ் தெருவில் பதிப்பாளரைப் பார்க்கவேண்டும். ஜனவரிப் புத்தகச் சந்தைக்குப் புத்தகம் வரவேண்டுமானால் இன்றைக்கு அவர் தலையசைக்கவேண்டும். செருப்பைப் போடும்போது மாமியாரிடம் மெதுவாகக் கேட்டாள், பாபா, அதாவது மாமனார், மாடிக்கு வரமாட்டாரே என்று. டாக்டர் படியேறக்கூடாது என்று சொல்லியிருக்கிறார், நீ நிம்மதியாகப் போய்விட்டு வா என்று சிப்ரா தைரியம் சொல்லி அனுப்பினாள்.

சிப்ராவிடமும் ஒரு ரகசியம் இருந்தது. அது தோர்ஷாவுக்கும் தெரியாது.

கல்யாணமான வருஷம் அமியரஞ்சன் புது மனைவிக்குக் கொடுத்த முதல் பரிசு ‘இரவல் மண்’. சிப்ரா ஆசையாகத்தான் பிரித்தாள். முதல் அத்தியாயம் ஓடிவிட்டது. இரண்டாவதில் ஆறு வந்தது. பக்கம் பக்கமாக ஆறு. தண்ணீரின் நிறம், சுழல், வண்டல், மறுபடியும் தண்ணீர். எத்தனை மதியம் முயன்றாலும் அந்த ஆற்றைக் கடக்க முடியாமல் புத்தகத்தை மார்பில் வைத்துக்கொண்டு தூங்கிப்போனாள். எப்படி இருந்தது என்று அவர் கேட்டபோது “அற்புதம்” என்றாள். அதற்கப்புறம் எத்தனையோ கூட்டங்களில் முதல் வரிசையில் உட்கார்ந்து, நிஸ்தாரிணியைப் பற்றி அவர் பேசப் பேச, தெரிந்தவள்போலத் தலையாட்டியாயிற்று.

இந்தக் குளிர்காலத்தில்தான் ஒரு நாள் மாடி அறையைப் பெருக்கப் போனவள், மேஜைமேல் இருந்த படத்தைப் பார்த்துத் துடைப்பத்தோடு நின்றுவிட்டாள். அன்றிலிருந்து அவர் மதியம் கண்ணயர்ந்ததும் இவள் மாடிக்குப் போய்விடுவாள். தோர்ஷா ஓவிய வகுப்பெடுக்கப் போகிற நாட்களாகப் பார்த்து, ஒரு பாகத்தைப் பத்து தடவையாகப் பார்த்தாள். அந்த ஆற்றைத் தோர்ஷா இரண்டு பக்கம் சேர்த்து ஒரே படமாகப் போட்டிருந்தாள். மேலே ஒரு நூல் அளவு வானம். அடியில் ஒரு நூல் அளவு மண். நடுவில் முழுக்கத் தண்ணீர். மண்ணின் நூலில், உற்றுப் பார்த்தால் தெரிகிற மாதிரி, ஒரு பெண் நின்றாள். சிப்ரா இத்தனை வருஷம் கடக்காத ஆற்றை ஒரு மூச்சில் கடந்துவிட்டாள்.

இன்றைக்கு நான்காம் பாகம். சாயங்காலத்துக்குக் கடலைப்பருப்பை அடுப்பில் வைத்துவிட்டு, அசல் படங்களுக்கு முன்னால் உட்கார்ந்தாள்.

குடிசைக்குள் நிஸ்தாரிணி தூங்குகிறாள். தூளியில் குழந்தை. தூளியிலிருந்து ஒரு கயிறு வந்து அவள் மணிக்கட்டில் முடிந்திருக்கிறது. முதல் கட்டத்தில் கயிறு தொய்ந்து கிடந்தது. அடுத்ததிலும் அப்படியே. மூன்றாவதில் குழந்தையின் வாய் அகலத் திறந்திருந்தது, தொண்டை தெரிகிற அளவுக்கு. ஆனால் படத்தில் ஒரு சத்தமும் எழுதப்படவில்லை. மற்றவர்கள் இருக்கிற கட்டங்களில் ‘மடமட’, ‘தடால்’ என்று எழுத்துகள் படத்துக்குள்ளேயே பாய்ந்து விழும். நிஸ்தாரிணி தனியாக இருக்கிற கட்டங்களில் மட்டும் எப்போதும் அமைதி. நான்காவதில் கயிறு விறைத்தது. ஐந்தாவதில் அவள் கண் திறந்தது.

பக்கத்தைத் திருப்பினால் கரை இடிகிறது. தென்னையும் மாடும் கூரையும் தண்ணீருக்குள் சாய்கின்றன. ஊரே வாயைப் பிளந்துகொண்டு ஓடுகிறது. இத்தனை பேர் இருந்தும் இந்தமுறை ஒரு எழுத்துச் சத்தம் இல்லை. நிஸ்தாரிணியின் பாதம் பதிந்த தரை அதிர்வதை மட்டும் மெல்லிய கோடுகளாகப் போட்டிருந்தாள்.

சிப்ரா வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

கீழே பருப்பு அடிபிடித்து வீடெல்லாம் புகை வாடை. அமியரஞ்சன் எழுந்து அடுப்பை அணைத்துவிட்டு, அவளைக் கூப்பிட்டுப் பார்த்து, பதில் வராமல், கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு படியேறி வந்து நின்றது அவளுக்குத் தெரியவே தெரியாது.

“எத்தனை தடவை கூப்பிடுறது? காது கேக்கலையா உனக்கு?”

அவள் துள்ளி எழுந்து மேஜையை மறைத்து நின்றாள். மறைக்கிற அளவுக்கு அவள் அகலமும் இல்லை, மேஜை சின்னதும் இல்லை. அவர் பார்வை அவளைத் தாண்டி அந்த இரண்டு பக்க ஆற்றில் போய் விழுந்தது.

திட்டுவார் என்று நினைத்தாள். அவர் மெதுவாக மேஜையருகே வந்தார். விரலை நீட்டி, மைக்கோட்டைத் தொடாமல், காற்றிலேயே தண்ணீரின் மேல் ஓட்டினார். விரல் மண்ணின் நூலில் நின்ற பெண்ணிடம் போய் நின்றது.

“இது ரெண்டாம் அத்தியாயம்,” என்றார். குரல் அவருடையது மாதிரியே இல்லை.

நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். ஒரு தாளை எடுத்து வைத்து அடுத்ததை எடுத்தார். படகைப் பார்த்ததும் படகுக்காரன் பெயரைச் சொன்னார். படகுக்காரன் தலைக்கு மேலே பேச்சுக் குமிழியில் நாலு வரி எழுதியிருந்தது. அது அவருக்குக் கோழி கிளறின மண்தான். ஆனால் அவன் முகத்தையும் நீட்டிய கையையும் பார்த்துவிட்டு, அந்த இடத்தில் அவன் பேசுகிற வசனத்தை அப்படியே ஒப்பித்தார். சிப்ரா குனிந்து குமிழியைப் படித்துப் பார்த்தாள். ஒரு சொல் மாறவில்லை.

அடுத்த கட்டத்துக்கும் அப்படியே சொன்னார். அதற்கடுத்ததுக்கும். அவள் ஒவ்வொன்றாகச் சரிபார்த்துக்கொண்டே வந்தாள். இந்த மனிதர் பூஜைக்கு முன்னாலிருந்து ஒரு கடைப் பெயர்ப் பலகையைக்கூடப் படித்ததில்லை.

“என்னங்க…” என்று தோளைத் தொட்டாள்.

“பேசாதே. படிச்சிட்டிருக்கேன்.”

அதைச் சொன்ன பிறகுதான் அவருக்கே அது உறைத்தது போலிருக்கிறது. கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியில் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டார். யார் வரைந்தது என்று அவர் கேட்கவில்லை. கேட்கவேண்டிய அவசியம் இருக்கவில்லை.

மூன்றாம் பாகம் வரைக்கும் அப்படிப் போயிற்று. அங்கே ஒரு பக்கத்தில் அவர் முகம் மாறியது. ஜமீன் காரியஸ்தர் படகிலிருந்து இறங்கி நிஸ்தாரிணியைக் கூப்பிடும் காட்சி. அவள் அவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நெல் குத்துகிறாள். மூன்று முறை கூப்பிடுகிறார். அவள் திரும்பவில்லை. அமியரஞ்சன் எழுதிய புகழ்பெற்ற வரிகூட இந்தக் காட்சியைப் பற்றியதுதான்.

“கெடுத்துட்டா,” என்றார். “இவ்வளவும் போட்டுட்டு இங்க கெடுத்துட்டா. முகத்தைப் பாரு, எவ்வளவு வெறுமையா இருக்கு. செருக்கு எங்கே? அவ வேணும்னே திரும்பாம இருக்கா. அந்தக் காட்சியே அதுதான்.”

“வேணும்னேவா?” என்றாள் சிப்ரா. “அவளுக்குத்தான் காது கேக்காதே.”

அவர் நிமிர்ந்து பார்த்தார்.

“யார் சொன்னது?”

“யாரும் சொல்லல. பாத்தாலே தெரியுதே.”

“நாவல்ல எந்த இடத்துல இருக்கு? ஒரு வரி காட்டு.”

“எழுதியிருக்கான்னு எனக்கு என்ன தெரியும்? காது கேக்காதவ தூளிக்கும் கைக்கும் கயிறு கட்டாம வேற என்ன செய்வா? குழந்தை அழுதா எப்படி எழுந்திருப்பா?”

அவர் கையிலிருந்த தாளைக் கீழே வைத்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்.

“சிப்ரா. நீ இந்த நாவலைப் படிச்சிருக்கே இல்லையா?”

மாட்டிக்கொண்டாள். முந்தானையைக் கையில் சுற்றினாள்.

“ரெண்டாம் அத்தியாயத்துல ஆறு வருதே. அதைத் தாண்டல.”

“அற்புதம்னு சொன்னியே.”

“கல்யாணமாகி வந்த புதுசு. வேற என்னத்தைச் சொல்றது?”

வேறொரு நாளாக இருந்தால் அந்த ஒரு விஷயத்துக்கே வீடு இரண்டுபட்டிருக்கும். அவர் அதைக் காதில் வாங்கியதாகவே தெரியவில்லை. கண்ணை மூடிக்கொண்டார். உதடுகள் அசைந்தன. அவருக்குள் ‘இரவல் மண்’ முதல் வரியிலிருந்து ஓடிக்கொண்டிருக்கிறது என்று சிப்ராவுக்குப் புரிந்தது. எழுத்து போனாலும் அந்த நாவல் அவரை விட்டுப் போகவில்லை.

அவ்வப்போது கண்ணைத் திறந்து ஒரு இடத்தைச் சொல்வார். சந்தையில் நிஸ்தாரிணி பானைக்காரன் சொன்ன விலையை இரண்டாவது தடவை சொல்ல வைக்கிறாள். அவர் அதைக் கறார்த்தனம் என்று எழுதியிருந்தார். கரை இடிந்தபோது ஊரெல்லாம் ஓட, ‘நிஸ்தாரிணி அசையவில்லை’ என்று சான்யால் ஒரே வரியில் நிறுத்தியிருந்தார். இவர் அதை நெஞ்சுரம் என்று எழுதியிருந்தார். யார் பேசினாலும் அவள் முதலில் அவர்கள் வாயைப் பார்க்கிறாள். அது கிராமத்துப் பெண்ணின் நாணம் என்று அடிக்குறிப்பே போட்டிருந்தார். கயிற்றைப் பற்றி மட்டும் ஒரு முழுக் கட்டுரை. தாய்மையின் குறியீடு.

“குறியீடு,” என்று அவரே சொல்லிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். சிரித்துக்கொண்டே இருந்தவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். சிப்ரா பயந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்தாள்.

“எல்லா இடத்துலயும் பொருந்துது,” என்றார். “ஒரு இடம்கூட இடிக்கல. மனுஷன் எழுதி வெச்சிருக்கான், நான் இத்தனை வருஷம் அதுமேல உக்காந்து பிரசங்கம் பண்ணியிருக்கேன். இந்தப் பொண்ணு எப்படிக் கண்டுபிடிச்சா?”

அதைக் கேட்கத் தோர்ஷாவுக்காகக் காத்திருந்தார். கீழே வரச் சொன்னதற்கு அசையவில்லை. பொரியும் தேநீரும் மாடிக்கே போயின. வெயில் சாயத் தொடங்கியபோது வாசல் கதவு திறந்தது.

படியடியில் மாமனாரின் செருப்பைப் பார்த்திருக்கவேண்டும். தோர்ஷா ஒவ்வொரு படியாகத்தான் ஏறி வந்தாள். வாசல் நிலையிலேயே நின்றாள். மேஜை, தரை, கட்டில் எல்லா இடத்திலும் அவளுடைய படங்கள் வரிசையாகப் பரப்பியிருந்தன. நடுவில் சால்வையோடு அவர்.

“பாபா, நானே சொல்லலாம்னுதான்…”

“உள்ள வா, பௌமா.” மருமகளை அவர் அப்படித்தான் கூப்பிடுவார். “உக்காரு. அவளுக்குக் காது கேக்காதுன்னு உனக்கு எப்பத் தெரிஞ்சது?”

தோர்ஷா மாமியாரைப் பார்த்தாள். சிப்ரா கண்ணாலேயே ‘சொல்லு’ என்றாள்.

“எனக்கு முதல்ல தெரியாது பாபா,” என்றாள் தோர்ஷா. “எழுதறவங்க, ‘கூப்பிட்டான்’னு எழுதிட்டு அடுத்த வரிக்குப் போயிடலாம். வரையறவங்களுக்கு அப்படி முடியாது. அவன் கூப்பிடறப்ப அவ எங்க பாக்கிறா, தலை எந்தப் பக்கம் இருக்குன்னு ஒவ்வொரு கட்டத்துலயும் முடிவு பண்ணியாகணும். முதல் பாகத்தை மூணு தடவை கிழிச்சுப் போட்டேன். அவ தலையை எப்படித் திருப்பினாலும் தப்பா தெரிஞ்சது. ஒரு நாள் திருப்பாமலே விட்டேன். அப்புறம் எல்லாம் தானா வந்துடுச்சு.”

அமியரஞ்சன் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். மேடையில் எத்தனையோ பேரைப் பாராட்டியவர். அதற்கென்று அவரிடம் நல்ல நல்ல வாக்கியங்கள் இருந்தன. இப்போது இரண்டு கையையும் கூப்பினார், அவ்வளவுதான்.

மாமனார் தன்னைக் கும்பிடுவதைப் பார்த்ததும் தோர்ஷா உடைந்துவிட்டாள். அழுகையினூடே மெல்ல மெல்ல மற்றதெல்லாம் வெளியே வந்தது.

பதிப்பாளர் படங்களைப் பார்த்து அசந்துபோனாராம். ஆனால் பக்கத்தில் அவருடைய ஆலோசகர் தேவப்ரியோ சோம் இருந்தார். அமியரஞ்சனிடம் படித்தவர், இப்போது அவருடைய பேராசிரியர் நாற்காலியில் இருப்பவர். நான்கு பாகத்தையும் பொறுமையாகப் பார்த்துவிட்டு, அமியரஞ்சனின் பதிப்பையே அலமாரியிலிருந்து எடுத்தாராம். கடைசிப் பக்கத்தைத் திறந்து அவள் முன்னால் வைத்தாராம்.

“கடைசி வரி,” என்றார் அமியரஞ்சன் உடனே.

“ஆமா பாபா. எனக்குத் தெரியாம இல்ல. அதனாலதான் அஞ்சாம் பாகத்தைத் தொடவே முடியாம கிடக்கேன். அவர் கேக்கிறது நியாயம்தான்.”

“எனக்கு முன்னாடியே முடிவைச் சொல்லிடாதீங்க,” என்றாள் சிப்ரா. “நான் இன்னும் அங்க போகல.”

அவள் சொன்னது யார் காதிலும் விழவில்லை. திட்டு முழுக்கக் கரைந்தபிறகு நிஸ்தாரிணி வெறும் கரையில் நடந்து போகிறாள். வங்காளத்தில் பள்ளிக்கூடப் பிள்ளைகள்கூட ஒப்பிக்கிற அந்தக் கடைசி வரியை அமியரஞ்சன் சொன்னார்.

“பின்னாலிருந்து யாரோ கூப்பிட்டார்கள். நிஸ்தாரிணி திரும்பினாள்.”

காது கேட்காதவள் எப்படித் திரும்புவாள்?

காது கேட்கிறவளாக எல்லாப் பக்கத்தையும் மாற்றி வரைந்து தரவேண்டும், இல்லையென்றால் புத்தகத்தைக் கைவிட்டுவிடலாம், திங்கட்கிழமை பதில் வேண்டும் என்று பதிப்பாளர் சொல்லியிருந்தார். எதற்கும் உன் மாமனாரின் கருத்தை எழுத்தில் வாங்கி வா என்று தேவப்ரியோ சிரித்துக்கொண்டே சேர்த்துச் சொன்னாராம்.

“நீங்க என்ன நினைக்கிறீங்க பாபா? அவ ஏன் திரும்பினா?”

‘இரவல் மண்’ணில் எந்தக் கேள்விக்கும் இந்த மனிதர் பதில் இல்லாமல் நின்றதில்லை.

“எனக்குத் தெரியல, பௌமா,” என்றார்.

அதை அவர் வருத்தமாகச் சொல்லவில்லை. அவர் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை சிப்ரா பார்த்து எத்தனையோ காலம் ஆகியிருந்தது. இந்த நாவலை முதன்முதலாகக் கையில் எடுத்த நாளில் அவர் இப்படித்தான் இருந்திருப்பார் என்று தோன்றியது.

“திங்கட்கிழமை நானும் வர்றேன்,” என்றார். தேவப்ரியோ ஒரு தாளை நீட்டிப் படிக்கச் சொன்னால் என்ன செய்வீர்கள் என்று கேட்கச் சிப்ராவின் நாக்கு துடித்தது. கேட்கவில்லை. அதற்குள் அவர் எழுந்துவிட்டார்.

“சிப்ரா, மருந்துப் பெட்டியில பஞ்சு இருக்கா?”

எதற்கு என்று புரிவதற்குள் அவளை மொட்டைமாடிக்கு இழுத்துப் போய்விட்டார்கள். இரண்டு காதிலும் பஞ்சு. அதற்கு மேலே அவருடைய குரங்குக் குல்லாய், அதற்கு மேலே சால்வை. தோர்ஷா நோட்டும் பென்சிலுமாகத் தண்ணீர்த் தொட்டியோரம் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். நீ ஆற்றைப் பார்த்து நில், நான் பின்னாலிருந்து கூப்பிடுகிறேன், என்ன ஆகிறது என்று பார்ப்போம் என்று அவர் சைகையில் சொன்னார். இந்த வயதில் இது என்ன கூத்து என்று அவள் சொன்னது அவளுக்கே கேட்கவில்லை.

கைப்பிடிச் சுவரருகே போய் நின்றாள்.

கங்கை செம்மண் நிறத்தில் போய்க்கொண்டிருந்தது. எதிரே பானிஹாட்டிப் படித்துறையிலிருந்து படகு கிளம்பியது. அதன் புகைபோக்கி நடுங்குவது தெரிந்தது, இரைச்சல் இல்லை. அடுத்த வீட்டு மாடியில் ஒரு பெண் போர்வையை உதறினாள், சத்தமில்லாமல். காக்கைகள் வாயைத் திறந்து திறந்து மூடின. இத்தனை வருஷம் தினமும் பார்த்த ஆறு. இவ்வளவு பெரியது என்று அவளுக்குத் தெரிந்ததே இல்லை. இரண்டாம் அத்தியாயம் எதைச் சொல்ல முயன்றது என்று இப்போது புரிந்தது. இப்படியேதான் நிஸ்தாரிணியும் நின்றிருப்பாள். இப்படியேதான் எல்லாம் அவள் பார்க்கப் பார்க்கச் சத்தமில்லாமல் போயிருக்கும்.

சிப்ராவுக்குப் பின்கழுத்தில் ஏதோ பட்டதுபோல் இருந்தது. திரும்பினாள்.

அவர் கையைக் கட்டிக்கொண்டு நின்றுகொண்டிருந்தார். தோர்ஷா பென்சிலைத் தாளில் வைத்தபடி உறைந்திருந்தாள்.

“கூப்பிட்டீங்களா?” என்றாள் சிப்ரா.

அவர் இல்லை என்று தலையசைத்தார். தோர்ஷா ஓடி வந்து குல்லாயைத் தூக்கி ஒரு பக்கத்துப் பஞ்சைப் பிடுங்கினாள். ஆறு, படகு, காக்கை எல்லாம் ஒரேயடியாகக் காதுக்குள் வந்து விழுந்தன.

“பாபா இன்னும் வாயையே திறக்கல, மா. நீங்க ஏன் திரும்பினீங்க?”

சிப்ராவுக்கு அந்தப் பதில் தெரிந்துதான் இருந்தது. உடம்பு முழுக்கத் தெரிந்திருந்தது. அதைச் சொல்ல வாயைத் திறந்தாள். இரண்டு பேரும் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். அது வாயால் சொல்கிற விஷயமாக இல்லை.

அவள் தோர்ஷாவின் கையிலிருந்த பஞ்சை வாங்கி, மறுபடியும் காதில் வைத்துக்கொண்டாள்.

“இரு, இன்னொரு தடவை திரும்புறேன்,” என்றாள். “நீ வரை.”